லிங்க்கை யார் நீலமாக்கியது?

நீங்கள் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே, 'பழைய கம்ப்யூட்டர் மேடம்' என்று யாரோ கொடுத்த எண்ணில் எனக்குப் போன் வந்துவிட்டது. நம் கல்லூரிகளின் சேர்க்கைத் தளத்தை முதன்முதலாகத் திறந்து பார்க்கும் எல்லாரும் கேட்கும் கேள்விதான். "மேடம், இந்தக் காலத்துல யாராவது லிங்க்கை நீலத்துல அடிக்கோடு போட்டு வெப்பாங்களா?" கூடவே இன்னொன்றும் கேட்டீர்கள். ஸ்டைல் ஃபைலில் லிங்க்குகளுக்கான இடத்தில் ஒரு விதியும் இல்லை, ஒரு குறிப்பு மட்டும் இருக்கிறது: "இங்கே வேண்டுமென்றே எதுவும் எழுதவில்லை. எழுதும் முன் ஸ்டெல்லாவைக் கேட்கவும்." யார் இந்த ஸ்டெல்லா என்றீர்கள்.

நான்தான். கழுத்தெலும்பு தேய்ந்ததால் விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு ஒலக்கூர் பக்கம் வீட்டோடு இருக்கிறேன். இந்தக் கதையைப் போனில் சொன்னால் பாதியில் எனக்குப் படபடப்பு வந்துவிடும். அதனால் எழுதித் தருகிறேன்.

நான் 1993இல் விழுப்புரத்தில் கம்ப்யூட்டர் படித்தவள். செருப்பை வெளியே கழற்றிவிட்டு, கோயிலுக்குள் போவதுபோல் ஏசி அறைக்குள் போவோம். கறுப்புத் திரையில் பச்சை எழுத்து. அது பச்சையாக இருக்கிறதே என்று ஒருவரும் கேட்டதில்லை, எந்தக் கட்சியும் அதற்கு உரிமை கொண்டாடவில்லை. திரைக்குப் பல நிறங்கள் வந்த பிறகுதான் கமிட்டிகள் வந்தன.

தொழில் விஷயம் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். உங்களுக்குத் தெரிந்ததுதான், ஆனாலும் இந்தக் கதை அதன் மேல்தான் நிற்கிறது. நம் தளத்தில் லிங்க்குகளை நாம் கையால் எழுதுவதில்லை. பக்கங்களைச் செய்துகொடுக்கும் ஃப்ரேம்வொர்க் என்ற மென்பொருளிடம், ஹோட்டலில் ஆர்டர் சொல்வதுபோல் வரிசையாகச் சொல்கிறோம். கண்ணுக்குத் தெரிய வேண்டிய வார்த்தை இது, போக வேண்டிய பக்கம் இது, முகவரியோடு சேர்த்து அனுப்ப வேண்டிய விவரம் இது, கடைசியாக, பார்க்க எப்படி இருக்க வேண்டும் என்பது இது. அது லிங்க்கைச் செய்து கொடுத்துவிடும். அப்படி வந்த லிங்க்குக்கு என்ன உடுத்துவது என்பதைச் சொல்வது ஸ்டைல் ஃபைல். நாம் அதில் ஒன்றும் சொல்லாவிட்டால் பிரௌசர் தன்னிடம் இருக்கும் துணியைக் கட்டி அனுப்பும். நீலம், அடிக்கோடு. ஒருமுறை அழுத்தினால் ஊதா.

2012 வாக்கில் நம் அறக்கட்டளை எல்லாக் கல்லூரிகளுக்குமாகச் சேர்த்து இந்தத் தளத்தைத் தொடங்கியது. நானும் சர்வரைப் பார்த்துக்கொண்ட சையது பாயும்தான் மொத்தக் கணினித் துறை. வேலை முடிந்ததும் விழுப்புரம் தலைமை அலுவலகத்தில் கமிட்டி கூடியது. மூன்று பேர். முன்பு கணக்கு வாத்தியாராக இருந்த தாளாளர். அரிசி மில் வைத்திருந்த ஓர் அறங்காவலர். எல்லாரும் அவரை மில்லுக்காரர் என்றே சொல்வோம். அப்புறம் கல்லூரி முதல்வர் ஒருவர், அவர் எப்போதும் மற்ற இருவரில் கடைசியாகப் பேசியவர் பக்கம். மேசை மேல் ஒரு தாம்பாளம் நிறைய அவித்த மல்லாட்டை, உங்கள் பேச்சில் வேர்க்கடலை.

முகப்புப் பக்கத்தைச் சுவரில் போட்டுக் காட்டினேன். மில்லுக்காரர் மல்லாட்டையை உரிப்பதை நிறுத்தினார்.

"இன்னா மேடம் இது, அங்கங்க நீலமா இருக்குது?"

"அது லிங்க் சார். அழுத்தினா அடுத்த பக்கம் போகும். உலகம் பூரா அந்தக் கலர்தான்."

"உலகம் பூரா இருந்துட்டுப் போவட்டும். இது விழுப்புரம்."

எனக்கு அது உடனே புரிந்தது. அவர் என்னைப் பார்த்து, "மேடம், நீங்க தப்பா எடுத்துக்காதீங்க" என்றார். அறையில் இருந்த வேறு யாரிடமும் அதைச் சொல்லவில்லை. எங்கள் தெருமுனையில் நிற்கும் கொடிக்கம்பமும் நீலம் என்பது அவருக்குத் தெரியும். நான் தப்பாக எடுத்துக்கொள்ளாத முகம் ஒன்றை வைத்துக்கொண்டேன். இத்தனை வருட வேலையில் அந்த முகம் எனக்கு நன்றாகப் படிந்திருந்தது.

"அப்ப பச்சை வெச்சிடலாமா சார்?"

"பச்சைன்னா ஆளுங்கட்சியாண்ட சேர்ந்துட்டோம்பான். நாளைக்கு ஆட்சி மாறுனா?"

"சிவப்பு?"

"ஸ்ட்ரைக்கு பண்ற கலரு" என்றார் தாளாளர்.

"காவி கலந்த மாதிரி ஒரு ஆரஞ்சு..." என்று ஆரம்பித்த முதல்வர், சையது பாய் அறையில் இருப்பதைப் பார்த்துவிட்டு, பழத்தைப் பற்றிப் பேசியதுபோல் முடித்துக்கொண்டார்.

"மஞ்சள் வேணுமானா..." மில்லுக்காரர் மெதுவாக இழுத்தார். அந்த நிறத்தைச் சொல்லும்போது அவர் குரலில் ஒரு பாசம் இருந்தது.

"வெள்ளைப் பக்கத்துல மஞ்சள் எழுத்து தெரியாது சார்" என்றேன்.

"தெரியாதுன்னா வுட்டுடுங்க" என்றார், சொந்தக்காரர் வீட்டு விசேஷத்துக்குப் பத்திரிகை வராததுபோல.

அந்த நேரம் பார்த்து நான் ஒரு லிங்க்கை அழுத்திக் காட்டினேன். திரும்பி வந்தபோது அது ஊதாவாகியிருந்தது. "இது இன்னா, தொட்டா கட்சி மாறுது?" என்றார் மில்லுக்காரர். சர்ச்சுக்குப் போகிற எங்களுக்கு ஊதா தவக்காலத்து நிறம். பீடத்தில் ஊதாத் துணி விரித்தால் வீட்டில் கறி கிடையாது. அதையும் சொல்லி இன்னொரு மதத்தை உள்ளே இழுக்க வேண்டாம் என்று பேசாமல் இருந்தேன்.

கடைசியில் தாளாளர் தொண்டையைச் செருமினார். "கலரு கிடக்கட்டும். அடியில எதுக்கும்மா கோடு? நான் வாத்தியாரா இருந்தவன். ஒரு வார்த்தைக்கு அடியில கோடு போட்டா அது தப்புன்னு அர்த்தம். நம்ம காலேஜ் பக்கத்துல இத்தினி தப்பா?"

ஆக, நிறம் வேண்டாம், கோடும் வேண்டாம். மற்ற எழுத்துகள் கறுப்பு, லிங்க்கும் கறுப்பு. எந்தத் தெருவும் கோபித்துக்கொள்ளாது. தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது.

"அப்ப எது லிங்க்குன்னு எப்படி சார் தெரியும்?" என்று கேட்டேன்.

"படிச்ச பசங்க மேடம். கண்டுபுடிச்சிடுவாங்க" என்றார் முதல்வர்.

ஸ்டைல் ஃபைலில் இரண்டே வரி. லிங்க் எல்லாம் கறுப்பு, அடிக்கோடு கிடையாது. ஃப்ரேம்வொர்க் செய்துகொடுக்கும் ஒவ்வொரு லிங்க்கும் அன்றுமுதல் கூட்டத்தில் ஒளிந்துகொண்டது.

அந்த வருடம் என் மகள் அமலி பிளஸ் டூ முடித்திருந்தாள். நம் திண்டிவனம் பார்மசி கல்லூரியில் சேர வேண்டும் என்பது அவளுடைய ஒரே ஆசை. வேறு எங்கும் மனுப் போட மாட்டேன் என்று பிடிவாதம் பிடித்தாள். எனக்கு அதிலேயே பாதி உயிர் போனது. மதிப்பெண் பட்டியலில் இடம் கிடைத்துவிட்டது. ஆனால் பட்டியலில் பெயர் வந்தால் மட்டும் போதாது. குறிப்பிட்ட ஒரு நாளில், மாலை ஐந்து மணிக்குள், தளத்துக்குள் போய் 'உறுதி செய்ய' என்ற லிங்க்கை அழுத்த வேண்டும். அழுத்தாவிட்டால் இடம் காத்திருப்போருக்குப் போய்விடும். இந்த விதியை வைத்ததும் அதே கமிட்டிதான்.

முந்தின நாள் தாளாளர் என்னைக் கூப்பிட்டார்.

"உம் பொண்ணு பேரும் லிஸ்ட்ல இருக்குது, சந்தோஷம். நாளைக்கு நீ சைட்ல எதையும் தொடாத. நாளைக்கு எவனாவது கேட்டான்னா நான்தான் பதில் சொல்லணும்."

நியாயமான பேச்சு என்றுதான் பட்டது. சரிங்க அய்யா என்றேன்.

அப்போதெல்லாம் மின்வெட்டு பகலில் பாதியைத் தின்றுகொண்டிருந்தது. எங்கள் ஊரில் காலையில் போன மின்சாரம் மாலையில்தான் வரும். அதனால் சுற்றுவட்டாரப் பிள்ளைகள் எல்லாம் பேட்டரி வைத்திருக்கும் பிரௌசிங் சென்டர்களுக்குப் போனார்கள். அமலியும் திண்டிவனம் பஸ் நிலையம் பக்கத்தில் ஒரு சென்டருக்குப் போனாள். நான் விழுப்புரம் அலுவலகத்தில், எதையும் தொடாமல், கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எனக்குப் பக்கத்தில் சையது பாய். எதிரே, அன்றைய பொறுப்பாளராக முதல்வர்.

மதியம் சாப்பாட்டுக்கு முன்பே போன்கள் வரத் தொடங்கின. எல்லாருக்கும் ஒரே கேள்வி. எங்கே அழுத்துவது?

அந்தப் பக்கத்தை நீங்கள் பார்த்ததில்லை. ஒரு நீளமான பத்தி. தேர்வர் தமக்கு ஒதுக்கப்பட்ட இடத்தை உறுதி செய்ய விரும்பினால் அதையும், விலக விரும்பினால் அதையும் உரிய காலத்துக்குள் தெரிவித்தல் வேண்டும் என்கிற மாதிரி, முதல்வரே எழுதிய தமிழ். அதற்குள் 'உறுதி செய்ய' என்பது ஒரு லிங்க். 'விலக' என்பது இன்னொரு லிங்க். இரண்டும் மற்ற வார்த்தைகளைப் போலவே கறுப்பு.

"மேடம், பேஜாரா இருக்குது" என்றார் சையது பாய், இரண்டு காதிலும் போனை வைத்துக்கொண்டு. "ஒரு பையன் பிரிண்ட் எடுத்துட்டேன், கையெழுத்து எங்க போடறதுன்னு கேக்கறான்."

கொஞ்ச நேரத்தில் மண்டகப்பட்டிலிருந்து ஒரு தகப்பனார் பேசினார்.

"மேடம், எம் புள்ள ஒவ்வொரு வார்த்தையா அழுத்திக்கினே போச்சு. இப்ப 'உங்கள் விலகல் ஏற்கப்பட்டது'ன்னு வருது. ஏற்கப்பட்டதுன்னா நல்லதுதானே மேடம்?"

நான் முதல்வரைப் பார்த்தேன். அவர் காலண்டரைப் பார்த்தார். அந்தப் பெண்ணின் பெயரைக் கேட்டு எழுதிக்கொண்டு, "வேற எதையும் அழுத்த வேணாம்னு சொல்லுங்கய்யா, நாங்க பாத்துக்கறோம்" என்றேன். எப்படிப் பார்த்துக்கொள்ளப் போகிறோம் என்று எனக்குத் தெரியாது.

உடனே அடுத்த போன். அமலி.

"அம்மா, உள்ள வந்துட்டேன். எத்த அழுத்தறது?"

எனக்குத் தெரியும். அந்தப் பக்கத்தை ஃப்ரேம்வொர்க்கிடம் சொல்லிச் செய்தவளே நான்தானே. மற்ற பிள்ளைகளுக்கு இல்லாத ஒன்று என் பிள்ளைக்கு இருந்தது. கூச்சப்பட எனக்கு நேரமில்லை.

"இதப் பாரு, வார்த்தைங்க மேல மவுஸை மெதுவா ஓட்டு. அம்புக்குறி கையா மாறும். 'உறுதி செய்ய'ன்ற எடத்துல மாறுனா..."

அதற்குள் லைன் போய்விட்டது. திரும்ப அடித்தால் அணைத்து வைக்கப்பட்டுள்ளது என்றது. வீட்டில் மின்சாரம் இல்லாததால் அவள் போனில் சார்ஜ் இல்லை என்பது காலையிலேயே எனக்குத் தெரியும். அவள் அழுத்தினாளா? எதை அழுத்தினாள்? என் முன்னால் இருந்த கணினியில் அவள் பெயரை அடித்தால் தெரிந்துவிடும். எதையும் தொடாதே என்றிருக்கிறார்கள். முதல்வர் என் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சார், லிங்க்கைக் கண்ணுக்குத் தெரியற மாதிரி மாத்தணும். இப்பவே" என்றேன்.

"கமிட்டித் தீர்மானம் மேடம். கமிட்டி கூடினாத்தான் மாத்த முடியும்."

மீதிக் கமிட்டி கூடித்தான் இருந்தது, ஆனால் செஞ்சி ரோட்டில் ஒரு கல்யாண மண்டபத்தில். மில்லுக்காரரின் அக்கா மகனுக்குத் திருமணம். தாளாளருக்குப் போன் போட்டேன். பின்னணியில் மேளம்.

"அய்யா, லிங்க் யாருக்கும் தெரியலைங்க. ஒரு பொண்ணு தெரியாம விலகல்ல அழுத்திடுச்சு."

"இரும்மா, பந்தியில இருக்கேன். ரசம் வேணாம்பா, மோர் ஊத்து. ஆங், சொல்லு."

பக்கத்து இலையிலிருந்து மில்லுக்காரர் குரல் கேட்டது. "இன்னாவாம்?"

"லிங்க்கு தெரியலையாம்."

"கலரு மட்டும் வேணான்னு சொல்லுங்க."

"கலர் வேணாங்க அய்யா" என்றேன். "அந்த ஒரு வார்த்தைய சுத்தி ஒரு கட்டம் மட்டும் போட்டுக்கறேன்."

சற்று யோசித்தார். மோரைக் குடித்தார் என்றும் நினைக்கிறேன். "கட்டம்... கறுப்புல போடு."

"நான் தொடலாங்களா?"

"கட்டத்த மட்டும் தொடு. வேற எத்தையும் தொடாத."

போனை வைத்ததும் முதல்வர் முகத்தைச் சுளித்தார். "கறுப்புக் கட்டமா மேடம்? பேப்பர்ல கண்ணீர் அஞ்சலி போடறாங்களே, அந்த மாதிரி இருக்குமே. புள்ளைங்க சேர்ற நாளாச்சே."

நேரடியாகத் தளத்தில் கைவைக்காமல், அலுவலகத்தில் வைத்திருந்த சோதனை நகலில் முதலில் போட்டுப் பார்த்தேன். ஃப்ரேம்வொர்க்கிடம் அந்த லிங்க்குக்கு 'கட்டம்' என்று ஓர் அடையாளப் பெயர் கொடுக்கச் சொன்னேன். ஸ்டைல் ஃபைலில், 'கட்டம்' என்ற பெயருள்ளவற்றுக்குச் சுற்றிலும் கோடு என்று எழுதினேன். பக்கத்தைத் திறந்தேன். கட்டம் இல்லை.

கோட்டைத் தடியாக்கினேன். இல்லை. இன்னும் தடியாக்கினேன். இல்லை. ஸ்டைல் ஃபைல் என் பேச்சைக் கேட்கவில்லை என்று, நடுநடுவே போன்களுக்கும் பதில் சொல்லிக்கொண்டு, அதனோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தேன். சுவரில் கடிகாரம் நாலேகாலைத் தாண்டியது. நான் கோட்டின் தடிமனை மாற்றுகிற ஒவ்வொரு முறையும் அமலி அந்தப் பத்தியில் 'விலக' என்ற வார்த்தையை நோக்கி மவுஸை நகர்த்துவதுபோல் எனக்குத் தோன்றியது.

சையது பாய் என் திரையை எட்டிப் பார்த்தார். "மேடம், மேல அட்ரஸ்ல ஏதோ வால் தொங்குது."

பார்த்தேன். எரிச்சலில் லிங்க்கையும் அழுத்தியிருந்தேன். போன பக்கத்தின் முகவரியில், கடைசியில், 'கட்டம்' என்று ஒட்டிக்கொண்டிருந்தது.

நான் வரிசையை மாற்றிச் சொல்லியிருக்கிறேன். தோற்றத்தைச் சொல்ல வேண்டிய இடத்தில் சொல்லாமல், முகவரியோடு போக வேண்டிய விவரத்தின் இடத்தில் சொல்லியிருக்கிறேன். சட்டையை ஆளுக்குப் போடாமல் அவன் வீட்டு விலாசத்தில் எழுதி அனுப்பினேன். ஃப்ரேம்வொர்க் மறுபேச்சுப் பேசாமல் அப்படியே செய்துவிட்டது. நம் முதல்வர் மாதிரி.

இந்தத் தொழிலில் உங்களுக்கு நான் சொல்லக்கூடியது ஒன்று உண்டென்றால் இதுதான். லிங்க் நீங்கள் நினைத்தபடி வரவில்லை என்றால் ஸ்டைல் ஃபைலோடு மல்லுக்கட்டாதீர்கள். முதலில் பக்கத்தின் மூல நிரலைத் திறந்து, ஃப்ரேம்வொர்க் உண்மையில் என்ன செய்து கொடுத்திருக்கிறது என்று பாருங்கள். நீங்கள் சொன்னதாக நினைப்பது ஒன்று. அதன் காதில் விழுந்தது இன்னொன்று. நடுவில் நின்று பிரௌசர் என்ன செய்ய முடியும்?

சரியான இடத்தில் மாற்றிச் சொன்னேன். சோதனை நகலில் கட்டம் வந்தது. தடியாக, கறுப்பாக, முதல்வர் சொன்ன மாதிரியே கண்ணீர் அஞ்சலியாக. இனி அதைத் தளத்தில் ஏற்ற வேண்டியதுதான்.

"ஏத்த முடியாது மேடம்" என்றார் சையது பாய். "பக்கத்த மாத்துனா சர்வர் ஒருவாட்டி நின்னு எழுந்திருக்கும். உள்ள இருக்கறவங்க எல்லாம் வெளிய வந்து வுழுவாங்க. திரும்ப பாஸ்வேர்டு போட்டு உள்ள வர்றதுக்குள்ள அஞ்சாயிடும்."

அவர் சொன்னது சரி. பக்கத்தை மாற்றினால் எல்லாரும் வெளியே. ஆனால் ஸ்டைல் ஃபைலை மாற்றினால் யாருக்கும் ஒன்றும் ஆகாது. அது தனியாகக் கிடக்கும் கோப்பு. ஆனால் 'கட்டம்' என்ற பெயர் பக்கத்தில் இல்லாதபோது ஸ்டைல் ஃபைலில் மட்டும் கட்டம் எழுதி என்ன பயன்? அதில் செய்யக்கூடியதாக எனக்குத் தோன்றியது ஒன்றுதான். இரண்டு வரியையும் அழிப்பது.

சையது பாய்க்கும் அது அதே நேரத்தில் தோன்றியிருக்க வேண்டும்.

"நீலமா வரும் மேடம்."

"தெரியும் பாய்."

"தொடாதன்னு சொன்ன நாளு. உங்க பேருதான் அடிபடும். பொண்ணுக்காகப் பண்ணாங்கம்பாங்க. அதுக்கு மேலயும் ஒண்ணு சொல்லுவாங்க."

அந்த மேலே ஒன்று என்ன என்று அவர் சொல்லவில்லை. சொல்ல வேண்டியதும் இல்லை. வேறு நிறம் எழுதலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். எழுதலாம். பச்சை என்று எழுதினால் நான் பச்சையைத் தேர்ந்தெடுத்தவள். சிவப்பு என்றால் சிவப்பை. எதை எழுதினாலும் அது ஸ்டெல்லா போட்ட நிறம். அழித்தால் மட்டும்தான் நான் எதையும் போடாதவள். அந்த அவசரத்தில் இதையெல்லாம் யோசித்துத்தான் செய்தேன் என்று சொல்ல மாட்டேன். கோட்டை மட்டும் திரும்பக் கொண்டுவந்திருக்கலாம் என்பதோ, எல்லா லிங்க்குக்கும் கட்டம் போட்டிருக்கலாம் என்பதோ பிற்பாடுதான் தோன்றியது. இரண்டு வரிகளைத் தேர்ந்தெடுத்து வைத்துக்கொண்டு, அழிக்கும் விசையின் மேல் விரலை வைத்தபடி இருந்தேன்.

"பண்றதுன்னா ஜல்தியா பண்ணுங்க" என்றார் சையது பாய்.

அழித்தேன். தளத்தில் ஏற்றினேன். பக்கத்தைப் புதுப்பித்தேன். அந்தப் பத்தியின் நடுவில் இரண்டு இடங்கள் அடிக்கோட்டோடு நீலமாக எழுந்து நின்றன. முதல்வர் நாற்காலியோடு ஓரடி பின்னால் போனார். அந்தப் பக்கம் ஏதோ கேட்கக்கூடாத வார்த்தையைச் சொல்லிவிட்டதுபோல.

இன்னும் ஒரு சிக்கல் இருந்தது. ஏற்கெனவே திறந்து வைத்திருப்பவர்களின் பிரௌசர் பழைய ஸ்டைல் ஃபைலையே பிடித்துக்கொண்டிருக்கும். சையது பாய்க்குத் திண்டிவனத்தில் எல்லாப் பிரௌசிங் சென்டர்காரர்களையும் தெரியும். பாதிப் பேருக்கு ஒயர் இழுத்துக் கொடுத்ததே அவர்தான். வரிசையாகப் போன் போட்டார். பஸ் நிலையம் பக்கத்து சென்டருக்குப் போட்டபோது ஸ்பீக்கரில் வைத்தார்.

"எல்லாரையும் கன்ட்ரோல அழுத்திக்கினு எஃப் அஞ்சு அழுத்தச் சொல்லு. நீலமா வரும். அதான் எடம்."

"இங்க ஒரு பொண்ணு மெஷின் மெஷினா போயி எந்த வார்த்தைன்னு காட்டிக்கினு இருக்குது பாய். அது இல்லன்னா இங்க அடிதடியாயிருக்கும்."

நான் குனிந்து கேட்டேன். "அந்தப் பொண்ணு பேரு அமலியா? அதோட வேலை முடிஞ்சிடுச்சா?"

"பேரு தெரியல மேடம். அது உக்காந்திருந்த மெஷின்ல இப்ப வேற ஆளு."

அதற்குப் பிறகு ஐந்து மணி வரை நான் என்ன செய்தேன் என்று எனக்கு நினைவில்லை. ஜெபமாலையைக் கையில் வைத்திருந்ததாக சையது பாய் சொல்வார். மவுஸைத்தான் உருட்டிக்கொண்டிருந்தேன் என்று எனக்கு நினைப்பு.

ஐந்து அடித்து, தளம் தானாக மூடிக்கொண்டபின், சென்டர்காரரின் போனிலிருந்து அமலி பேசினாள்.

"முடிஞ்சிடுச்சும்மா."

"எதைடி முடிச்ச? எதுல அழுத்தன?"

"உறுதியிலதான். ஏன் கத்தற?"

"இவ்ளோ நேரம் இன்னா பண்ணிக்கினு இருந்த?"

"நீ சொன்ன மாதிரி கை வந்துச்சு. கண்டுபுடிச்சிட்டேன். அதுக்குள்ள பக்கத்து அக்கா எங்கன்னு கேட்டாங்க, காட்டுனேன். அப்புறம் அந்தாண்ட ஒருத்தர். காட்டிட்டு வந்து பாத்தா எஞ்சேர்ல ஒரு பெரியவர் உக்காந்துக்கினு பேத்திக்குத் தேடறாரு. எழுப்ப மனசு வரல. அப்புறம் நீலம் வந்துச்சா, எல்லாரும் டக்கு டக்குனு முடிச்சிட்டு எழுந்துட்டாங்க. எனக்கும் மெஷின் கெடச்சுது."

திட்டுவதற்கு வாயைத் திறந்தேன். அழுகைதான் வந்தது. முதல்வர் நாகரிகமாகச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

பொழுது சாய்கிற நேரத்தில் தாளாளரும் மில்லுக்காரரும் கல்யாணப் பட்டுச் சட்டையோடு அலுவலகத்துக்கே வந்துவிட்டார்கள். முதல்வர் போன் செய்திருக்கிறார். சுவரில் அந்தப் பக்கத்தைப் போட்டுக் காட்டச் சொன்னார்கள். மில்லுக்காரர் வெற்றிலையை ஓரமாக ஒதுக்கிக்கொண்டு பார்த்தார்.

"உங்க பொண்ணு எப்ப அழுத்துச்சு மேடம்? நீலம் வர்றதுக்கு முன்னாலயா, பின்னாலயா?"

முதல்வர் கணினியில் பதிவான நேரத்தைப் பார்த்துச் சொன்னார். பின்னால்தான்.

"ஆமாங்க சார். பின்னாலதான்" என்றேன். அதில் மறுக்க ஒன்றும் இல்லை. அன்று கடைசி அரை மணியில் அழுத்திய எல்லாரும் பின்னால்தான்.

"கட்டத்த மட்டும்தானேம்மா தொடச் சொன்னேன்" என்றார் தாளாளர், வருத்தமாக.

"கமிட்டி வேணான்னு சொன்ன கலர, யாரக் கேட்டுப் போட்டீங்க?" மில்லுக்காரர் என்னைப் பார்த்த பார்வை, அந்த முதல் கூட்டத்தில் பார்த்ததுதான். இந்த முறை, தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள் என்று அவர் சொல்லவில்லை. நானும் அந்த முகத்தை எடுத்து மாட்டிக்கொள்ளவில்லை. களைப்பாக இருந்தது.

"நான் எந்தக் கலரும் போடல சார்."

"கண்ணுக்குத் தெரியுதே."

"நீங்க போடச் சொன்ன கறுப்ப எடுத்தேன். அவ்ளோதான்."

தாளாளர் குழம்பினார். "எடுத்துட்டா வெள்ளையாத்தானே ஆவணும்?"

"இல்லீங்க அய்யா. எடுத்தா அடியில இருக்கறது தெரியும்."

"அப்ப, இத்தினி நாளு அடியில நீலமா இருந்துச்சு?" என்றார் மில்லுக்காரர்.

"ஆமாங்க சார். மொதல்லருந்தே."

சையது பாய் தண்ணீர் குடிக்கப் போவதுபோல் வெளியே போனார். சிரிக்கத்தான் போனார் என்று எனக்குத் தெரியும்.

மறுவாரம் கமிட்டி கூடியது. மண்டகப்பட்டுப் பெண்ணின் இடத்தைத் தொழில்நுட்பக் காரணம் என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தார்கள். எனக்கு ஓர் எச்சரிக்கை. அடுத்து லிங்க் விவகாரம். யாருடைய நிறம் என்ற பேச்சே இனி வரக்கூடாது என்று மில்லுக்காரர் மேசையைத் தட்டினார். அவரே முன்மொழிந்தார்: இனி இந்தத் தளத்தின் லிங்க்குகளுக்கு யாரும் எந்த நிறமும் போடக்கூடாது. தாளாளர் வழிமொழிந்தார். முதல்வர் ஆமோதித்தார். என்னிடம், "புரிஞ்சுதா மேடம்? எதையும் போடாதீங்க" என்றார்கள். புரிந்தது என்றேன். அன்று மாலையே ஸ்டைல் ஃபைலில் நீங்கள் பார்த்த அந்தக் குறிப்பை எழுதி வைத்தேன். கமிட்டித் தீர்மானத்தின்படி அங்கே எதுவும் இல்லை. கமிட்டித் தீர்மானத்தின்படி லிங்க் நீலமாக இருக்கிறது.

நீங்கள் அதை மாற்ற விரும்பினால் நான் தடுக்க மாட்டேன். இப்போது கமிட்டியில் வேறு ஆட்கள். மாற்றும் முன், யாருக்கு அந்த லிங்க் கண்ணில் பட வேண்டுமோ அவர்களில் ஒருவரை, பேட்டரி தீரப்போகிற ஒரு கணினி முன் உட்காரவைத்துப் பாருங்கள்.

அமலி இப்போது சென்னையில் ஒரு மருத்துவமனை மருந்தகத்தில் இருக்கிறாள். ஆனால் ஒவ்வொரு வருடமும் அந்த உறுதி செய்யும் நாள் வந்தால், என் வேலையும் இல்லை, என் பிள்ளையும் இல்லை, ஆனாலும் மதியமே கணினி முன் போய் உட்கார்ந்துவிடுகிறேன். தளத்தைத் திறந்து பார்க்கிறேன். நீலமாகத்தான் இருக்கிறது. இருந்தும், அம்புக்குறியை அதன் மேல் கொண்டுபோய் வைத்து, அது கையாக மாறுவதைப் பார்த்த பிறகுதான் எழுந்து டீ போடப் போகிறேன்.